ஓரம் மட்டும் பார்த்தவள்

அரை டாலர் காசு வெள்ளியா என்று தெரிய அதன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஓரம் போதும். வங்கியில் இருபது காசைத் தாளில் சுற்றித் தரும் ரோலைப் பிரித்துத் தட்டில் சாய்த்தால் இருபது ஓரங்களும் வரிசையாகத் தெரியும். சாதாக் காசின் ஓரத்தில் செம்பு ஒரு பழுப்புக் கோடாக ஓடும். வெள்ளியில் அந்தக் கோடு இருக்காது. ஒரு ரோலுக்கு எனக்கு நான்கு விநாடி ஆகும்.

என்னோடு காசு தேடும் ஓரினுக்கு நான்கு நிமிடம். ஒவ்வொரு காசையும் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான். முகமதிப்பை விடப் பல மடங்கு விலை போகும் வெள்ளி அவனுக்குப் பெரிதல்ல. யாரோ எப்போதோ கை வைத்த காசுகள்தான் வேண்டும். அவன் சமையலறை ஜன்னலில் அப்படி பதினொன்று இருந்தன. ஒன்றில், முன்பக்கம் இருக்கும் கென்னடிக்குத் தொப்பி செதுக்கியிருந்தது. ஒன்றில் பின்பக்கக் கழுகுக்கு நகப்பூச்சு. ஒன்றில் ஓட்டை மட்டும்.

"ஓட்டைக் காசை வச்சு என்ன பண்ணுவ?" என்று கேட்டிருக்கிறேன்.

"யாரோ கழுத்துல போட்டிருந்திருக்காங்கல்ல?"

நான் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அவன் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறான். இரண்டு பேருக்குமே பேச்சு வராது. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் என் வீட்டு மேசையில், வங்கியில் வாங்கிய ஒரு பெட்டி காசை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெட்டிக்கு ஐம்பது ரோல், ஆயிரம் காசு. குனிந்து எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் பேசாமல் இருப்பது உறுத்தாது.

அந்த அக்டோபர் சனிக்கிழமை ஒரே ஒரு வெள்ளிதான் கிடைத்தது. அறுபத்தேழாம் வருடத்துக் காசு. கடைசியில் ஓரின் ஒரு ரோலை என் பக்கம் தள்ளினான்.

"இதை நீ பாரு, ஹேட்டி."

பிரித்தேன். சாய்த்தேன். இருபதிலும் பழுப்புக் கோடு.

"ஒண்ணுமில்ல" என்று, பார்த்த காசைப் போடும் வாளியில் கொட்டினேன்.

அவன் வாளியையே பார்த்தான். "முழுசா பாத்தியா?"

"இருபதும் செம்புதான்."

"இல்ல, ஹேட்டி, அது வந்து..."

கிடங்கிலிருந்து தொலைபேசி அடித்தது. அறுவடைக் காலம். எடைமேடையில் ஒரு லாரி நின்றுபோய், பின்னால் சாலை வரை வரிசையாம். காது வரை சிவந்துபோய் ஓடினான். வெள்ளி கிடைக்காத ஏமாற்றம் என்று நினைத்தேன்.

அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வாங்கிய வங்கியிலேயே பார்த்த காசைக் கொட்டக் கூடாது. அடுத்த வாரம் அதையேதான் திரும்ப வாங்கி வருவோம். அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கூட்டுறவு வங்கிக்கு எப்போதும் அவனே கொண்டுபோவான். எனக்குக் கவுன்டரில் நின்று பேசவே வராது. அன்று நானே போனேன். கவுன்டரில் இருந்த வெர்னாக்கா வாளியை வாங்கி உள்ளே காசு எண்ணும் இயந்திரத்தில் கொட்டிவிட்டு, கணக்கில் வரவு வைத்த சீட்டைக் கொடுத்தாள். பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சனிக்கிழமை அரை நாள்தான்; பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

மதியம் ஓரின் வந்தான். பீன்ஸ் குழம்பைச் சூடாக்கி, இலவங்கப்பட்டை ரொட்டியும் எடுத்து வைத்திருந்தேன். அவன் உட்காரவே இல்லை.

"வாளி எங்க?"

"நானே கொண்டுபோய்க் கொட்டிட்டேன்."

பாராட்டுவான் என்று காத்திருந்தேன். மெதுவாக நாற்காலியை இழுத்தான்.

"அதுல ஒரு காசு இருந்துச்சு."

"வெள்ளியா? என் கண்ணுல படாமலா?"

"சாதாக் காசுதான். நான்தான் அந்தக் கடைசி ரோல்ல மாத்தி வச்சேன். தொண்ணூத்தொம்பது. நீ பொறந்த வருஷம். கழுகு இருக்கற பக்கத்தை அரத்தால இழைச்சுட்டு... செதுக்கியிருந்தேன். மூணு வாரம் ஆச்சு."

"என்ன செதுக்கின?"

"ஒரு கேள்வி."

"என்ன கேள்வி?"

கரண்டியை எடுத்தான். வைத்தான். "அதைக் கேக்க வராமத்தானே செதுக்கினேன்."

 அவன் கேட்க நினைத்ததை நான் நான்கு விநாடியில் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள் என்று அவன் நினைத்திருக்கிறான். நான் ஓரத்தை மட்டுமே பார்ப்பவள்.

"வேணாம்னு சொல்லிட்டியோன்னு ஒரு நிமிஷம்..." என்றான்.

"நான் பாக்கவே இல்ல, ஓரின்."

சீட்டு ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலர். ஆயிரத்தில் ஒரு வெள்ளியை எடுத்துக்கொண்டோம். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது காசு இருக்க வேண்டும். சீட்டில் இருந்த தொகைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுதான்; ஒன்று குறைந்தது.

"எவ்வளவு இழைச்ச?"

"செம்பு தெரியற வரைக்கும்."

"அப்ப இயந்திரம் அதைக் காசுன்னே ஒத்துக்கலை. வெளிய துப்பியிருக்கு."

இப்படி ஒரு குறைக்காக நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்தது. திங்கள் காலை இரண்டு பேரும் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இருவர் நின்றார்கள், பின்னால் மூவர். எங்கள் முறை வந்தது.

"சனிக்கிழமை ஒரு காசு..." என்றேன். 

வெர்னாக்கா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தாள். "சிவப்புக் காசா? இருக்கு. ஆனா சும்மா தரமாட்டேன் கண்ணு. தொலைஞ்ச பொருள்னா அடையாளம் சொல்லணும். இங்க அதான் முறை."

"தொண்ணூத்தொம்பது."

"முன்பக்கம் யாரு வேணா சொல்லுவாங்க. பின்பக்கம் என்ன இருக்கு?"

எனக்குத் தெரியாது. ஓரினைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன் தம்பி" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அவள் வாய் ஓரத்தில் தெரிந்தது.

"எழுதிக் குடுக்கட்டுமா?"

"பேனா கட்டிப் போட்டிருக்கு, எட்டாது. வாயால சொல்லு."

ஓரின் தொப்பியைக் கழற்றினான். கண்ணாடித் தடுப்பைப் பார்த்துச் சொன்னான்.

"ஹேட்டி, என்னைக் கட்டிக்கிறியா."

"எனக்குக் கேக்கலையே."

பின்னால் நின்ற ஒரு கிழவர், "எங்களுக்கே கேட்டுச்சு, உனக்குக் கேக்கலையா வெர்னா?" என்றார்.

"நீ சும்மா இரு, ஹார்லன். சொல்லவேண்டிய ஆளு அங்கிட்டு நிக்குது. அங்கிட்டுத் திரும்பிச் சொல்லச் சொல்லு."

ஓரின் திரும்பினான். ஒன்றரை வருடத்தில் அவன் முகத்தை நான் இத்தனை நேரம் நேராகப் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. மறுபடி சொன்னான். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

"கட்டிக்கறேன்" என்றேன். எனக்கே அது சத்தமாகக் கேட்டது.

வெர்னாக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துத் தடுப்புக்குக் கீழே தள்ளினாள். "அடையாளம் சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க, ரெண்டு பேரும்."

"ரெண்டு பேருமா?" என்றான் ஓரின்.

"எனக்கு ஒரு கையெழுத்துப் போதும். ஆனா ஊருக்குச் சாட்சி வேணாமா?"

பேனா நன்றாகவே எட்டியது. எழுதி முடித்ததும் கிழவர் தன் ஒரு சென்ட் காசு மூட்டையைத் தூக்கிக் கவுன்டரில் வைத்து, நகரச் சொல்லிக் கை காட்டினார். வெளியே ஓரினின் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பிரித்தேன். எழுத்துகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். ஓரின் இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.