மேனேஜரைப் பெற்றவர்

எட்டி நாசிஃப் பழைய கார் விற்பவர். நொண்டுகிற காரை ஓடும் என்று சொல்லியிருக்கிறார். ஓடுகிற காரைப் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் வாங்க வந்தவன் கேட்காமல், இந்த வண்டி ஒருமுறை ஏரியில் இறங்கியது என்று தானாக வாய்திறந்து சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. வாயை எப்போது மூடுவது என்று தெரிந்தவனே வியாபாரி என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர்தான் அந்த நவம்பரில், ரேடியோ என்று வந்துவிட்டால் மட்டும் வாய் அடங்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

காரணம், பெற்ற பிள்ளை. மகன் மார்க், ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர். களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர் வேறு. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் மார்க்கின் பொறுப்பு. "நான் பண்றதையேதான் அவனும் பண்றான். என் சரக்குக்குச் சக்கரம் இருக்கு, அவன் சரக்குக்குக் கால் இருக்கு" என்பார் எட்டி.

அந்தச் சரக்கு மூன்று வருஷமாக ஓடவில்லை. ஹெரன்ஸ் அந்த வருஷமும் கடைசி இடம். போதாக்குறைக்கு, போர்ட் கிளெமன்ட் நகரமே தன் வீட்டுப் பையனாக நினைத்திருந்த ஆட்டக்காரன் டானி வெலாஸ்கோவை ஜூலையில் ஒரு மேற்குக் கரை அணிக்கு விற்றாயிற்று. சீசன் முடிந்ததும் மார்க்கின் தலை உருளும் என்று ஊர் காத்திருந்தது. அணியின் முதலாளி ஆல்டன் பிரிட்ஜ்மனோ பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, மார்க்கின் தோளில் கையைப் போட்டு, இவர் இன்னும் ஒரு வருஷம் இருப்பார் என்று சொல்லிவிட்டு, மீன்பிடிக்க ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. மேனேஜரை மாற்றியிருக்க வேண்டுமா, வேண்டாமா? மாலை நேரத்தில் மிக் ஹார்கன் என்பவன் ரேடியோவில் இதே கேள்வியைக் கடைவிரிப்பான். யார் வேண்டுமானாலும் போன் போட்டுத் திட்டலாம். ஆலையிலிருந்து திரும்புகிறவன், பல் பிடுங்கிக்கொண்டு வருகிறவன், பெண்டாட்டியிடம் பேசமுடியாதவன் எல்லாரும் மிக்கிடம் பேசினார்கள். அவர்களுக்கு நடுவில் 'கிழக்குத் தெரு ஃபிராங்க்' என்று ஒரு பெரியவரும் பேசுவார். ஊரே எதிர்த்து நின்றாலும் ஃபிராங்க் மட்டும் மார்க் நாசிஃபின் பக்கம். அந்த ஃபிராங்க், கார் கடையின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் எட்டிதான். தன் மெக்கானிக் ஸ்டான் புகாஸ்கியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டான் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சம்பளம் எட்டியிடம், விசுவாசம் வெலாஸ்கோவிடம்.

"டேய் எட்டி, உம் புள்ளைங்கிறதை ஒரு நிமிஷம் மறந்துட்டுச் சொல்லு. வேற எவனாச்சும் டானியை வித்திருந்தா நீ சும்மா இருந்திருப்பியா? அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தியிருக்க மாட்ட?"

"விக்கிறதுன்னா சும்மாவாடா? முட்டி தேஞ்ச ஆளு. விலை இருக்கும்போதே தள்ளிடணும்."

"முட்டி தேஞ்சது எனக்கும்தான். என்னை ஏன் வச்சிருக்க?"

"உன்னை எவன் வாங்குவான்?"

இப்படி வாயாடினாலும் எட்டிக்கே உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. டானியை ஏன் விற்றான் என்று அவருக்கும் விளங்கவில்லை. மகனைக் கேட்கவும் மனசில்லை. கேட்காமலே ஒருநாள் சொல்வான் என்று இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்க் வருவான். எட்டியின் மனைவி லோரெய்ன் பொரித்த கிப்பே கறியுருண்டைகளை ஒரு கட்டு கட்டிவிட்டு, அப்பாவும் பிள்ளையும் மூடிக்கிடக்கும் கார் கடைக்கு வருவார்கள். எட்டிக்கு அந்த வாரம் பிடித்திருக்கிற வண்டி ஏதாவது ஒன்றில் ஏறி முன்சீட்டில் உட்காருவார்கள். வண்டி எங்கும் போகாது. மார்க் பேசுவான். எந்த அணி எவனைக் கேட்கிறது, எவன் குடிக்கிறான், எவனுக்கு வீட்டில் தகராறு, எல்லாம் சொல்வான். மனைவியிடம்கூடச் சொல்லாததை அங்கே சொல்வான். எட்டியின் வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நகர்ந்தன.

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆரம்பித்தான்.

"அப்பா, டானியை நான் விக்கலை."

எட்டி திரும்பிப் பார்த்தார்.

"பிரிட்ஜ்மன் படகுல இருந்துக்கிட்டே அந்த டீம் முதலாளிகிட்ட பேசி முடிச்சிட்டாரு. ரெண்டு பேரும் ஒண்ணா மீன் பிடிக்கிறவங்க. எனக்கு மறுநாள்தான் தெரியும். கையெழுத்து மட்டும் என்னோடது."

"அடப்பாவி! அப்ப ஊர் உன்னைக் காறித் துப்புதே?"

"துப்பட்டும். அதுக்குத்தாம்பா என்னை வச்சிருக்காங்க. முதலாளி மேல விழவேண்டியதை நான் வாங்கிக்கணும். எல்லா டீம்லயும் இதான் வழக்கம். இந்த அக்டோபர்ல என்னை ஏன் அனுப்பலைன்னு நினைக்கிறீங்க? வாயைத் திறக்காம இருந்ததுக்குத்தான். இன்னொரு வருஷம் கிடைச்சா நான் சேர்த்து வச்சிருக்கிற சின்னப் பசங்க மேல வந்துடுவாங்க. அதுக்கப்புறம் யார் என்ன சொன்னா என்ன?"

"சரிடா."

"இது வெளிய போச்சுன்னா நான் காலி."

எட்டிக்குக் கோபம் வந்தது. "யார்கிட்ட என்னடா சொல்ற? நான் வியாபாரி."

இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் மாலை மிக்கின் ரேடியோவில் ஒருவன் வந்தான். வழக்கமான திட்டுத்தான். முடிக்கிற இடத்தில், "என்ன மிக், ஆச்சரியப்பட என்ன இருக்கு? பழைய கார் விக்கிறவன் புள்ளதானே? ஓடுற வண்டியைத் தள்ளிவிட்டு ஓட்டை வண்டியை வாங்குறது அவங்க ரத்தத்துலயே இருக்கு. டானியை வித்ததுல அவன் பாக்கெட்டுக்கு என்ன போச்சோ!" என்றான்.

மிக் சிரித்தான்.

ஸ்டான் ஓடிவருவதற்குள் எட்டி கதவைச் சாத்தி நம்பரைப் போட்டுவிட்டார்.

"வாங்க ஃபிராங்க் பெரியவரே. என்ன, இன்னிக்கு மூச்சு வாங்குது?"

"டானியை வித்தது யாருன்னு தெரியுமாய்யா உங்களுக்கு? முதலாளி! படகுல உக்காந்துக்கிட்டு வித்தாரு. கூட மீன் பிடிக்கிறவனுக்குத் தூக்கிக் கொடுத்தாரு. அந்தப் பையனுக்கு மறுநாள்தான் தெரியும். வெளிய ஒரு வார்த்தை சொல்லாம ஊர் துப்புறதையெல்லாம் துடைச்சுக்கிட்டு நிக்கிறான். அவனையா திருடன்ங்கிறீங்க?"

மிக் ஹார்கன் வாய் ஓயாதவன். அன்று சிரிப்பை நிறுத்தினான். "ஃபிராங்க்..." என்று மெதுவாகக் கேட்டான். "இதை உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

அப்போதுதான் எட்டிக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ரேடியோ தீப்பிடித்தது. மார்க்கைத் தூக்கில் போடச் சொன்னவர்களெல்லாம் இப்போது மார்க்கின் கட்சி. "அந்தப் பையன் ஆம்பளைய்யா!" என்றது ஒரு குரல். "மாத்தணும்னா முதலாளியை மாத்துங்க" என்றது இன்னொன்று. ஸ்டான் கதவைத் திறந்துகொண்டு வந்து எட்டியைக் கட்டிப்பிடித்தார்.

"ஜெயிச்சிட்டடா எட்டி! நானும் தெரியாம உம் புள்ளைய என்னென்னவோ பேசிட்டேன்."

எட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாங்கின விலையை வாடிக்கையாளனிடம் உளறிவிட்ட முதல்நாள் பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

மார்க் மறுநாள் காலை கடைக்கு வந்தான். வேலைநாளில் அவன் அங்கே வந்ததே இல்லை. சத்தம் போடவில்லை. எட்டியே முதலில் கேட்டார்.

"நான்தான்னு எப்படிடா தெரிஞ்சுது?"

"அப்பா, முப்பது வருஷமா டி.வி. விளம்பரத்துல 'வாங்க, உக்காந்து பேசலாம்'னு கத்தின குரல். இந்த ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஃபிராங்க் யாருன்னு மிக்குக்கு முதல் நாளே தெரியும். எனக்கும் தெரியும். ஏன், பிரிட்ஜ்மனே ஒரு தடவை என்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு."

"தெரிஞ்சா ஏன்டா சொல்லலை?"

"உங்களுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஒருத்தராவது என் பக்கம் பேசுறது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

எட்டி தரையைப் பார்த்தார். மார்க் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பிரிட்ஜ்மன் ஒரு வழி சொல்லியிருக்காரு. நீங்க சொந்தப் பேர்லயே மிக்கிட்டப் பேசணும். நானா கட்டிவிட்ட கதை, புள்ள மேல இருந்த பாசத்துல உளறிட்டேன்னு சொல்லணும். சொல்லிட்டா இதோட விட்டுடறேங்கிறாரு. கேக்கவே கஷ்டமா இருக்குப்பா..."

"அட, இவ்வளவுதானா!" எட்டிக்கு உயிர் வந்தது. "பொய் சொல்லணும், அவ்வளவுதானே? அம்பது வருஷமா வேற என்னத்தைப் பண்றேன்?"

அன்று மாலை சட்டையை மாற்றி, தலைசீவிக்கொண்டு போன் போட்டார். ரேடியோவில் தலை தெரியாது என்று ஸ்டான் சொல்லியும் கேட்கவில்லை.

"மிக், நான் எட்டி நாசிஃப். நேத்து ஃபிராங்க்னு பேசினது நான்தான். சொன்னது அத்தனையும் பொய். என் புள்ள என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. டானியை அவன்தான் வித்தான், யோசிச்சு, நல்ல விலைக்கு வித்தான். முதலாளி தங்கமானவர்."

வாழ்நாளில் எத்தனையோ பொய் விற்றவர். அவற்றை வாங்கிப் போனவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஒரு பொய்யை மட்டும் போர்ட் கிளெமன்டில் ஒருத்தரும் வாங்கவில்லை.

"மிக், அந்தக் கிழவனைக் கழுத்துல கத்தி வச்சுப் பேச வச்சிருக்காங்க."

"நான் எட்டிகிட்ட மூணு கார் வாங்கியிருக்கேன். பொய் சொல்றப்ப அந்த மனுஷன் ரொம்ப மரியாதையாப் பேசுவாரு. இன்னிக்குப் பேசினது அந்தக் குரல்தான். நேத்துக் கத்தினாரே, அதுதான் நெசம்!"

"முதலாளி தங்கமானவராம்ல! கேட்டீங்களா?"

இருட்டுவதற்குள் மைதானத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெலாஸ்கோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரிட்ஜ்மன் பெயரைச் சொல்லி ஊளையிட்டார்கள். யாரோ ஒருவன் வாசல் கம்பியில் செத்த மீன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

மறுநாள் மதியம் பிரிட்ஜ்மனின் ஆபீஸ் நாலு வரி அறிக்கை விட்டது. அணிக்குப் புதிய பார்வை தேவைப்படுகிறதாம். மார்க் நாசிஃபின் உழைப்புக்கு நன்றியாம்.

அன்று மாலை மிக்கின் ரேடியோவில் அதே கேள்வி: மேனேஜரை மாற்றியிருக்க வேண்டுமா? கூடாது, கூடாது என்று அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எட்டி போய் ரேடியோவை நிறுத்தினார்.

மார்க் ஆபீஸிலிருந்து நேராகக் கார் கடைக்குத்தான் வந்தான். பின்சீட்டில் இரண்டு அட்டைப்பெட்டிகள். எட்டி வாசலுக்கே போய் நின்றார்.

"திட்டுடா. நாலு அறை வேணும்னாலும் அறை."

"எதுக்குப்பா?"

"அந்தாளு பண்ணினது அநியாயம். உன்னை அனுப்பியிருக்கவே கூடாது."

மார்க் காரில் சாய்ந்துகொண்டு, ஒப்பந்தத்தை வாசிக்கிற முகத்தோடு யோசித்தான். "இல்லப்பா. நான் அவர் இடத்துல இருந்தாலும் அனுப்பியிருப்பேன்."

"என்னடா பேசுற?"

"மேனேஜர்ங்கிறவன்கிட்ட எல்லாருடைய ரகசியமும் இருக்கும். எவன் முட்டி போச்சு, எவனை எவ்வளவுக்குக் கேக்கப் போறோம், எல்லாம். அவன் வீட்டுல ஒரு ஓட்டைன்னா, வேற எந்த டீம்காரன் இனிமே போன்ல மனசு விட்டுப் பேசுவான்? மாத்தினது சரிதான்."

"சரியில்லை!" எட்டி குரலை உயர்த்தினார். "உன் மேல என்ன தப்பு? நீ ஊர்ல எவன்கிட்டயும் சொல்லலை. பெத்த அப்பன்கிட்டச் சொன்ன. அதுகூடச் சொல்லக்கூடாதா ஒரு மனுஷன்?"

"சொல்லக்கூடாதுதாம்பா," என்றான் மார்க். "அதுதான் நான் பண்ணின தப்பு."



பிப்ரவரியில் தெற்கே ஒரு அணியில் மார்க்குக்கு வேலை கிடைத்தது. மேனேஜர் வேலையில்லை, மேனேஜருக்கு யோசனை சொல்கிற மேஜை ஒன்று. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சாப்பிட வந்தான். சாப்பாடு முடிந்ததும் எட்டி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகன் வருவானோ மாட்டானோ என்று ஒரு கணம் நின்றார். வந்தான்.

நீல நிற செடான் ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். எட்டி ஹீட்டரைப் போட்டார்.

"புது டீம் எப்படி?"

"நல்லாருக்குப்பா."

"யாரையாச்சும் வாங்கப் போறாங்களா?"

"பாக்கணும்."

"அந்த முதலாளி எப்படி? ஒழுங்கான ஆளா?"

"நல்லவர்தான்னு சொல்றாங்க."

எட்டி வைப்பரைப் போட்டார். கண்ணாடியில் படிந்திருந்த பனித்தூள் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"அங்க குளிரே இல்லையாமே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா," என்றான் மார்க். இந்த விஷயத்தைப் பற்றி அவன் நிறையவே பேசினான். காலையில் எத்தனை டிகிரி, மாலையில் காற்று எப்படி, கோட்டு தேவையா இல்லையா என்றெல்லாம். எட்டி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.