நாலாவது குஞ்சு

ராணுவப் பயிற்சித் திடலில் புல்வெளியையும் பறவைகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் என்னைக் 'குருவியக்கா' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கர்னல்தான் முகத்துக்கு நேரே கேலி பேசுவார்.

டாங்கிகள் போகும் பாதையோரம் ஆட்காட்டிக் குருவி ஒன்று தரையிலேயே நாலு குஞ்சு பொரித்திருந்தது. அவை பறக்கப் பழகும்வரை டாங்கிகள் சுற்றிப் போகட்டும் என்று கயிறு கட்டியிருந்தேன். அதைப் பார்க்க வந்த கர்னல், நான் வாயைத் திறப்பதற்குள் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டார். தாய்ப்பறவை அவர் தலைக்கு மேலே தொண்டை கிழியக் கத்தியது.

"எங்க மேடம் உங்க குஞ்சு? வெறும் கல்லுக்கா காவல் காக்கறீங்க?"

"சார், அப்படியே நில்லுங்க! காலைத் தூக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் மனிதர் ஆடாமல் நின்றுவிட்டார். தாய் கத்தினால் குஞ்சுகள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மிதித்தால்கூட அசையாது. கையால் தடவித் தடவித் தவழ்ந்தேன். அவர் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒன்று. புல் அடியில் இரண்டு. அவ்வளவுதான்.

"இன்னொண்ணு?" குரல் இறங்கியிருந்தது.

"காணோம் சார்."

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வந்த கோபத்தில் அழுகை முட்டியது.

"என் காலுக்கடியிலயாம்மா?"

"தெரியல. தாய் கத்துறத நிறுத்தினா, உயிரோட இருக்கிறது தானா எழுந்திரிக்கும். மூச்சுக்கூட விடாதீங்க."

நின்றார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது, துடைக்கவில்லை. ஒருவழியாகத் தாய் அடங்கி, தள்ளி இறங்கி, மெல்லக் கூப்பிட்டது. மூன்று குஞ்சுகள் எழுந்து ஓடின. நாலாவது வரவில்லை. கர்னல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவருடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவில், டாங்கி அழுத்திய பள்ளத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மண்ணோடு மண்ணாக இருந்திருக்கிறது, திருட்டுப் பயல்! இடது பூட்ஸின் மேல் ஏறி, உருண்டு விழுந்து, எழுந்து ஓடியே போய்விட்டது.

"அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

"சார், இனிமே காலை எடுக்கலாம்."

அவர் எடுக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நாலுதானேம்மா? அஞ்சு இல்லையே?"

"நாலேதான் சார்."

அப்படியும் நம்பாமல், வந்த தடத்திலேயே கால் வைத்து, பின்பக்கமாகவே கயிறு வரைக்கும் நடந்தார்.