மூன்று ஷிப்ட் தண்ணீர்

செடி கொடி விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. கறிவேப்பிலை, முருங்கை, மிஞ்சிப் போனால் கொஞ்சம் புதினா. குழம்புக்கு உதவாத செடிக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது என் மருமகள் ஷைனியின் காதில் விழுந்து தொலைத்தது.

அவள் கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தபோது பீரோ, கட்டில், மிக்சியோடு ஒரு சின்னத் தொட்டியும் வந்தது. அவள் அப்பா சுப்பராயன் கொடுத்தது. இலை அசல் சேப்பங்கிழங்கு இலைதான். ஆனால் நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரம் பச்சை, அதன் மேல் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். கலேடியம் என்று பேராம். என் வாயில் நுழையவில்லை. கலர் சேம்பு என்றே கூப்பிட்டேன். சுப்பராயன் அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்டிராக்ட் வேலை பார்த்தவர். அங்கே யாரோ பிடுங்கிப் போட்ட கிழங்கை எடுத்துவந்து வளர்த்தாராம். போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வளவுதான். ஷைனி அன்றைக்கு அழுத அழுகையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை.

பிரசவத்துக்கு அவள் செவ்வாப்பேட்டைக்கு, தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். வயிற்றுப் பிள்ளையோடு இரண்டு ரயில் மாறிப் போகிறவள் தொட்டியையுமா தூக்க முடியும்? கிளம்புவதற்கு முன்னால் அவள் அம்மாவிடம் போனில் மெதுவாகப் பேசியது சமையலறையில் எனக்குக் கேட்டது.

"அப்பா செடிய அத்தைகிட்டதான் விட்டுட்டு வரேன்மா. இன்னா பண்றது? அவங்களுக்குப் புடிக்காது. நான் திரும்பி வர்றதுக்குள்ள செத்துடும் பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நான் என்ன, அவள் அப்பன் கொடுத்ததைச் சாகடிக்கிற பாவியா? அன்றைக்கே முடிவு பண்ணினேன்: இவள் பிள்ளையோடு வாசலில் வந்து நிற்கும்போது இந்தச் செடி அவள் வளர்த்ததைவிடக் கொழுகொழுவென்று நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இரும்பு மில்களின் கரித்தூள் ஜன்னலில் படியாத நாள் கிடையாது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஜன்னலில் இருந்த அந்தச் செடியை ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். என் மகனுக்குக்கூட இப்படி முகம் துடைத்துவிட்டதில்லை. சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். செடியும் நன்றாகத்தான் இருந்தது. ஷைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் குழந்தையை அவள் காட்டினாள், செடியை நான் காட்டினேன்.

பனி இறங்க ஆரம்பித்ததும் வந்தது வினை. ஒரு இலை பழுத்தது. சரி, பழுக்காத இலை உண்டா என்று கிள்ளிப் போட்டேன். மறுபடி ஒன்று. அப்புறம் தண்டே துவண்டு தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்தது. "செடியக் காட்டுங்க அத்தை" என்று ஷைனி கேட்கும்போதெல்லாம் சார்ஜ் போயிடுச்சும்மா, கரண்ட் இல்லம்மா, அடுப்புல பால் பொங்குதும்மா என்று சாக்குச் சொல்லி போனை வைத்தேன். கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருகிறேன் என்று அவள் சொன்னபோது சந்தோஷப்படக்கூட விடவில்லை அந்தத் தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கடைசி இலையும் மண்ணில் படுத்துவிட்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஊட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்களே, ஒருத்தனாவது அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டுனீங்களா?"

என் வீட்டுக்காரர் பீட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏய், சும்மா கத்தாத. டெய்லி டூட்டி முடிஞ்சி மத்தியானம் வந்தவுடனே ஒரு சொம்பு ஊத்துறது யாரு? நான்தான். பேன்ட்டுகூட மாத்துறதில்ல."

என் மகன் சாம்சன் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டான். "நைனா, நீயுமா? நைட்டு முடிச்சிட்டு வந்து காலைல நான் ஒரு மக்கு ஊத்திக்கினு இருக்கேனே! ஷைனி வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னு பயந்துக்கினு."

நான் வேலை பார்க்கிற கேன்டீனில் காய் நறுக்கிவிட்டுச் சாயங்காலம் வந்ததும் நானும்தானே ஊற்றிக்கொண்டிருந்தேன்!

எங்கள் வீட்டு லட்சணம் அது. அவருக்கு ரோலிங் மில்லில் காலை ஷிப்ட், இவனுக்குக் கெமிக்கல் கம்பெனியில் நைட், எனக்குப் பகல். ஒருத்தர் வரும்போது ஒருத்தர் தூங்குவோம், இன்னொருத்தர் பஸ்ஸில் இருப்போம். யார் சாப்பிட்டார்கள் என்பதையே கழுவி வைத்த தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். செடி வாட வாட, மற்ற இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரும் கூடுதலாக ஊற்றியிருக்கிறோம்.

"மெஷினுக்குக்கூட ஷட்டவுன் குடுப்பாங்கம்மா" என்றான் சாம்சன். மண்ணில் விரலை விட்டேன். கூழாக இருந்தது.

அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று பீட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹைவே ஓரத்து நர்சரிக்குப் போனார். அப்பன் செடியை அவளுக்கு அடையாளம் தெரியாதா என்று நான் கத்தியது காதில் விழவில்லை. போன வேகத்தில் வெறுங்கையோடு வந்தார்.

"அவன் கடைலயே வெறும் தொட்டிதான் கீது. பனிக்காலத்துல இந்தச் செடி எலையெல்லாம் கொட்டிட்டு உள்ளுக்குள்ள கெழங்கா படுத்துக்குமாம். வெயில் ஏறுனாத்தான் மொளைக்குமாம்."

"அப்போ நம்மது தூங்குதா?"

"அத எப்படி அவன் அங்கிருந்து சொல்வான்? ரொம்பத் தண்ணி ஊத்தியிருந்தா கெழங்கு அழுகிப் பூடுமாம். தோண்டிப் பாருன்றான்."

தோண்டவில்லை. அவரும் தோண்டவில்லை, இவனும் தோண்டவில்லை. எனக்குப் பயம். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அவளிடம் சொல்லியாக வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பின்பக்கம் பாத்ரூம் மூலையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினால் கையை உடைப்பேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லி வைத்தேன்.

ஷைனி வந்தாள். சாம்சன் போய் அழைத்துவந்தான். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தேன். அப்படியே சுப்பராயனின் நெற்றி. ஷைனி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"செடி எங்க அத்தை?"

பீட்டர், "நான் போயி பால் வாங்கிக்கினு வரேன்" என்று நழுவினார். பிரிட்ஜில் பால் இருந்தது. சாம்சன் ஆட்டோக்காரரிடம் சில்லறை கேட்கப் போனவன் போனவன்தான். பேஜாரான நேரத்தில் நிற்கிற ஆம்பளை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை.

குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தொட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். வெறும் மண். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போச்சா?"

"தெரியலடி. தூங்குதா, செத்துச்சான்னு தெரியல. நாங்க மூணு பேரும் மூணு ஷிப்ட்டா தண்ணி ஊத்திட்டோம். வேணும்னு பண்ணல ஷைனி. சத்தியமா வேணும்னு பண்ணல."

அவள் தொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"பாத்துடலாம் அத்தை. நீங்களே பாருங்க. என்னால முடியாது."

பேப்பரை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். மண் சொத்தென்று விழுந்தது. முதல் கிழங்கு கையில் பட்டதும் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. நாற்றம் குடலைப் புரட்டியது. இரண்டாவதும் அதே கதி. ஷைனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கர்த்தரே, ஒன்றாவது விட்டுவை என்று முனகிக்கொண்டே மண்ணைப் பிசைந்தேன்.

நடுவில் ஒன்று தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அமுக்கினேன். அமுங்கவில்லை. இன்னும் அழுத்தி அமுக்கினேன். கேன்டீனில் மூட்டை மூட்டையாகச் சேப்பங்கிழங்கைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை இது. நல்லதுக்கும் அழுகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? நகத்தால் லேசாகத் தோலைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, பால் கசிகிற ஈரம். உச்சியில் குண்டூசித் தலை அளவில் சிவப்பாக ஒரு முனை. அதற்குள் என் விரல் அரிக்க ஆரம்பித்தது, பச்சைச் சேம்பின் பால் பட்டால் அரிக்குமே, அதே அரிப்பு.

"ஷைனி! அரிக்குதுடி! உசுரு கீதுடி!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. வாசலில் ஒளிந்திருந்த சாம்சன் என்னமோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்தான். ஷைனியின் கையை இழுத்து உள்ளங்கையில் கிழங்கை வைத்தேன்.

"அமுக்கிப் பாரு."

அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அப்புறம்தான் அழுதாள், வாய் சிரித்துக்கொண்டே.

"கெட்டியா கீது அத்தை."

"உங்கப்பா வெச்சதாச்சே. கெட்டியாத்தான் இருக்கும்."

எனக்குத் தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. பீட்டர் பாலோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அந்த மனுஷன் எப்போது என்ன சொன்னார் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கிழங்கை நிழலில் உலர்த்தி, காய்ந்த மண்ணில் புதைத்து பீரோ மேல் வைத்தோம். பொட்டுத் தண்ணீர் கிடையாது. வெயில் ஏறியதும் கீழே இறக்கி ஜன்னலில் வைத்து மண்ணை லேசாக நனைத்தோம். ஒருநாள் காலையில் மண்ணைக் கீறிக்கொண்டு சிவப்பாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. நாலைந்து நாளில் சுருட்டி வைத்த இலை ஒன்று மேலே வந்து விரிந்தது. அதே சிவப்பு, அதே வெள்ளைப் புள்ளி.

அப்பாவின் வருஷ நினைவுக்கு ஷைனி குழந்தையோடு செவ்வாப்பேட்டைக்குக் கிளம்பினாள். துணிகளை மடித்துக்கொண்டே அம்மாவிடம் போனில் பேசினாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எலை வந்துடுச்சும்மா. இல்லம்மா, எடுத்துக்கினு வரல, எதுக்கு? அத்தைகிட்டயே விட்டுட்டு வரேன். அவங்க பாத்துப்பாங்க."

கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், நைட் ஷிப்ட் முடித்து வந்த சாம்சன் பழக்கதோஷத்தில் மக்கோடு ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"டேய், வெச்சிடுடா மக்க!"

நான் போட்ட அதட்டலில் தண்ணீர் முழுக்க அவன் காலில் கொட்டியது. ஷைனி போனைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் போய் மண்ணில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அரை டம்ளர் ஊற்றினேன்.