ரிம்மா விட்டுவிட்ட வாக்கியம்

1974 மார்ச். மாஸ்கோவுக்கு வெளியே இருந்த விண்வெளிப் பயிற்சி நகரத்துக்கு அமெரிக்கர்கள் மறுபடி வந்திருந்தார்கள். இரு நாட்டுக் கப்பல்களும் மேலே போய்ப் பிணைய வேண்டும், உள்ளே இருப்பவர்கள் கைகுலுக்க வேண்டும். தரையில் ஒருவர் தலைக்கு ஒருவர் ஏவுகணையைக் குறிவைத்துக்கொண்டேதான் இந்த ஏற்பாடு. கூட்டங்களில் மொழிபெயர்ப்பது ரிம்மாவின் வேலை. அந்த வேலையால்தான் அவளுக்கும் மகளுக்கும் தனிச் சமையலறை உள்ள வீடு கிடைத்திருந்தது.

இணைப்பு வளையத்தின் கொக்கிகளைச் சோதிப்பவர் புரோகோர் இலியிச். அறுபதை நெருங்கிய பொறியாளர். அமெரிக்கத் தரப்பில் அதே வேலையைப் பார்த்தவர் ஹாலிஸ். மூன்று வருடமாக ரிம்மாவின் வாய் வழியே சண்டை போட்டே இருவரும் சிநேகிதர்களாகிவிட்டிருந்தார்கள்.

கடைசி நாள் மதியச் சாப்பாட்டில் புரோகோர் இலியிச் சூப்புத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ரிம்மா, இவன்கிட்ட சொல்லும்மா. குளிர் அறையில பதினோரு தடவை பார்த்தோம். ரெண்டு தடவை ஒரு கொக்கி பிடியை விடவே இல்லை. எல்லாம் சரின்னு காகிதத்துல எழுதிட்டாங்க. சரியில்லை. கொக்கிக்குப் போடுற மசகு எண்ணெயை மாத்துங்கன்னு கத்துறேன், இங்க யார் காதுலயும் ஏறல. இவனாவது அவன் பக்கத்துல பார்த்துக்கட்டும்."

அவள் சொன்னாள். ஹாலிஸ் கரண்டியை வைத்துவிட்டுக் காகிதத்தில் படம் போட ஆரம்பித்தார். எந்தக் கொக்கி, எத்தனை டிகிரி என்று கேள்விமேல் கேள்வி. நடுவில் புரோகோர் இலியிச், "இது நமக்குள்ள இருக்கட்டும்னு சொல்லிடு. என் பேரு வெளிய வரக் கூடாது" என்றார். அதே நேரம் ஹாலிஸ் இன்னொரு எண்ணைக் கேட்டார். ரிம்மா எண்ணின் பக்கம் திரும்பினாள். அந்த வாக்கியம் அப்படியே நின்றுபோனது.

மாலையில் பேருந்தில் போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஹாலிஸ் அதற்குள் விமானம் ஏறியிருந்தார்.

ஆறு வாரம் கழித்து, சோவியத் குழுத் தலைவர் பெயருக்கு ஹாலிஸிடமிருந்து கடிதம் வந்தது. மசகை மாற்றிவிட்டோம், புரோகோர் இலியிச் மனம்திறந்து பேசியதற்கு நன்றி, இப்படிப்பட்டவர்கள் இருந்தால் நம் நாடுகள் ஒன்றையொன்று நம்பலாம் என்று எழுதியிருந்தார். நல்லெண்ணத்தோடு எழுதிய கடிதம்.

மறுநாள் புரோகோர் இலியிச்சை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் ரிம்மாவைப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கோலிகோவ் என்ற அதிகாரி அவளுக்கு எலுமிச்சை போட்ட தேநீர் கொடுத்தார்.

"ஒரே கேள்விதான், ரிம்மா பாவ்லோவ்னா. அவரே சொன்னாரா, இல்ல நீங்க தப்பா மொழிபெயர்த்துட்டீங்களா?"

தப்பு என்னுடையது என்று அவள் சொல்லியிருந்தால் கிழவர் தப்பித்திருப்பார். அவள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு என்ன படிக்குது? ஏழாவதா?" என்றார் கோலிகோவ்.

"அவர்தான் சொன்னார்."

"அதை எழுதிக் கொடுத்துடுங்க."

புரோகோர் இலியிச்சை யூரல் மலைக்கு அப்பால் இருந்த குர்கான் நகரத்துப் பம்பு ஆலை ஒன்றுக்கு மாற்றினார்கள். கிளம்புவதற்கு முன் ரிம்மா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஃபைனா கதவைத் திறந்துவிட்டாளே தவிர, வா என்று சொல்லவில்லை. அவர் பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனே, அதை அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"தெளிவா?"

"தெளிவாத்தான் சொன்னேன், புரோகோர் இலியிச்."

அவர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப தெரிஞ்சே பண்ணியிருக்கான். மூணு வருஷம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோமேம்மா. அவங்கள நம்பாதேன்னு கோலிகோவ் முதல் நாளே சொன்னான். அவனைத்தான் நான் முட்டாள்னு நினைச்சேன்."

இல்லை, நான்தான் அதைச் சொல்லாமல் விட்டேன் என்று ரிம்மாவுக்கு நாக்கு வரை வந்தது. ஃபைனா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் குர்கானில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். ஃபைனா அலுவலகத்துக்கு அனுப்பிய இரண்டு வரிக் கடிதத்தை யாரும் அறிவிப்புப் பலகையில் குத்தவில்லை.

அடுத்த ஜூலையில் கப்பல்கள் பிணைந்தன, கைகுலுக்கல் நடந்தது, பிரியும்போது கொக்கிகள் எல்லாமே ஒழுங்காக விடுபட்டன. அமெரிக்கர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று இங்கேயும் மசகை மாற்றியிருந்தார்கள். கட்டுப்பாட்டுக் கூடத்தில் ஷாம்பெயின் உடைத்தார்கள். அமெரிக்கக் குழுவோடு வந்திருந்த ஹாலிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிம்மாவிடம் வந்தார்.

"புரோகோர் எங்கே? நாலு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. என்மேல ஏதாவது கோபமா?"

இரண்டடி தள்ளி கோலிகோவ் நின்றுகொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லை. ஓய்வுல இருக்கார்."

"அவராலதான் இது நடந்துச்சு. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் ரிம்மா.

மேடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். குழுத் தலைவர் இரு நாட்டு நட்பைப் பற்றிப் பேச எழுந்து நின்றிருந்தார். அவள் கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.