இழுத்தால் பூட்டிக்கொள்ளும் கதவு

சிக்கல் என்கிற ஊருக்குத் தெற்கே, கருவேலங்காட்டை ஒட்டிய அந்த ஊரில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவை முதன்முதலாக வைத்தவன் சேதுராமன்தான். துபாயில் கொத்துவேலை பார்க்கிறவன். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டிலும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தால், இவன் ஒரு பூட்டைக் கொண்டுவந்தான். அதைத் தேக்குக் கதவில் பதித்து, எல்லோரையும் கூப்பிட்டு இழுத்துச் சாத்திக் காட்டினான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் சாவி இல்லாமல் எமனே வந்தாலும் வெளியிலிருந்து திறக்க முடியாது. வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கதவைப் பார்க்கக் கூட்டம் கூடின கூத்தும் அந்த ஊரில் நடந்தது.

அதே மனையில் அவனுடைய தாத்தா சின்னக்கருப்பன் குடியிருந்தபோது கதவு என்றால் பனையோலைப் படல். அதுவும் ஆளுக்காகப் போட்டதில்லை, ஆட்டுக்காகப் போட்டது. உள்ளே நெல் கிடக்கும், ஆடு வாய் வைத்துவிடக் கூடாது என்று வெளியே போகிறபோது இழுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து காலால் தள்ளினால் திறந்துகொள்ளும். திருடன் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். வந்து எதைத் தூக்குவான், அடுப்புக் கல்லையா?

சேதுராமன் பெண்டாட்டி பூமயில் பிறந்து வளர்ந்ததும் அந்த மாதிரி ஒரு வீட்டில்தான், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். ஆட்டைக் கண்டால் அவள் கை தானாகப் பின்னால் போய்ப் படலை இழுக்கும். அதில் யோசனைக்கெல்லாம் இடமில்லை.

இப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் திருட்டுப் பயம். பக்கத்து ஊரில், புருஷன் சவுதியில் இருக்கிற ஒருத்தி கழுத்திலிருந்து தாலிச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமே போயிற்று. போனில் சொல்லி அழுதாள். சேதுராமன் பணம் அனுப்பி வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினான். சுவர் மேல் உடைந்த பாட்டில் சில்லு, வாசலுக்கு இரும்புக் கேட், சன்னலுக்கெல்லாம் கம்பி. பயம் போயிற்றா என்றால் இல்லை. முன்னால் வெளியே இருந்த பயம் இப்போது சுவருக்குள்ளேயே அவளோடு குடியிருந்தது.

சுவரால் போனது ஒன்றுதான்: அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளின் உறவு. அந்த இரண்டு வீட்டுக்கும் முன்பு ஒரே முற்றம். பிச்சையம்மாளும் அவள் புருஷன் வீரையாவும் கூலி வேலைக்குப் போவது, ஆடு பத்துவது எல்லாம் இந்த வழியாகத்தான். சுவர் வந்து வழியை அடைத்ததும் பிச்சையம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறை. பிறகு அவளுடைய வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கேட் கம்பிக்கு நடுவே புகுந்து செடியைத் தின்னப் பழகிக்கொண்டது. அது வரும்போதெல்லாம் பூமயில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவாள், பிச்சையம்மாள் அந்தப் பக்கம் நின்று இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். சண்டைக்கு மட்டும்தான் அவர்களுக்குள் பேச்சு.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். பூமயில் வழக்கம்போலக் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தாள். கொசுவுக்காகச் சன்னல் கதவுகளை அடைத்தாள். ஹாலில் சாமி படங்களுக்கு முன்னால் சின்னக் குத்துவிளக்கைத் தரையில் மணைபோட்டு ஏற்றினாள். அவளுடைய பிள்ளை முனீஸ்வரன், இன்னும் இரண்டு வயது நிறையாதவன், அதே ஹாலில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தால் பாலுக்கு அழுவான் என்று கேஸ் அடுப்பில் பாலை வைத்தாள்.

வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தக் குட்டிதான். கறிவேப்பிலைக் கன்றை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. சனியனே என்று சொல்லிக்கொண்டு பூமயில் படியில் இறங்கினாள். குட்டி மிரண்டு, வெளியே ஓடாமல் அவளைத் தாண்டி வீட்டுக்குள் பாயப் பார்த்தது. உள்ளே விளக்கு எரிகிறது, பிள்ளை தூங்குகிறான். அவள் கை பின்னால் போய்க் கதவை இழுத்தது. டக்.

அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. குட்டியை விரட்டினாள். அது கேட்டுக்கு நடுவே நெளிந்து வெளியே போனது. நிம்மதியாகத் திரும்பி வந்து கதவைக் காலால் தள்ளினாள். கதவு அசையவில்லை. அப்போதுதான் சாவி எங்கே என்று நினைத்தாள்.

வீட்டுச் சாவியும் கேட் சாவியும் ஒரே வளையத்தில், உள்ளே காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கின. உள்ளேயும் போக முடியாது, தெருவுக்கும் போக முடியாது. திருடன் வரக் கூடாது என்று கட்டின அவ்வளவும் இப்போது அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

அடுக்களைப் பக்கம் ஓடிப்போய்ச் சன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பால் பொங்கிவந்துகொண்டிருந்தது. ஐயோ வேண்டாம், வேண்டாம் என்று அவள் கெஞ்சக் கெஞ்ச அது பாட்டுக்கு விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது. நீலத் தீ இரண்டு தரம் துள்ளி அணைந்துபோயிற்று.

விறகடுப்பாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பால் போச்சு, புகை வந்துச்சு என்று புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது கேஸ். சிலிண்டர் கொண்டுவந்து மாட்டின ஆள் சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தீ அணைந்தாலும் கேஸ் நிற்காது. அது மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். அந்த நேரம் எங்கேயாவது நெருப்பு இருந்தால் வீடே வெடித்துச் சிதறிவிடும். அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு கிடையாது. ஹாலில் தரையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பூமயில் சுவரோரம் ஓடிப்போய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அக்கா, பிச்சையம்மாக்கா என்று அவள் கத்தின கத்து கண்மாய்க்கரை வரைக்கும் போயிருக்கும். ஆனால் அடுத்த வீட்டில் டிவி. தெரு முழுக்க டிவி. எல்லா வீட்டிலும் ஒரே நாடகம், அதில் ஒருத்தி ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள் அழுகையைக் கேட்க நாதியில்லை.

கல்லை எடுத்து அடுக்களைச் சன்னல் கண்ணாடியை உடைத்தாள். அழுகின வெங்காயம் மாதிரி நாற்றம் குப்பென்று மூஞ்சியில் அடித்தது. ஹால் சன்னலையும் உடைத்தாள். வாசல் தொட்டித் தண்ணீரைச் செம்பில் மோந்து, கம்பிக்கு உள்ளே கையை விட்டு விளக்கைப் பார்த்து வீசினாள். தண்ணீர் பாதி வழியிலேயே விழுந்தது. மறுபடி வீசினாள், மறுபடியும் எட்டவில்லை. விளக்கு நிதானமாக எரிந்தது. அது அணைய வேண்டுமே என்று அத்தனை சாமியையும் வேண்டினாள். விளக்கு அணைவது கெட்ட சகுனம் என்று பதறுகிறவள்தான் அவள்.

அப்போது உள்ளே போன் அடித்தது. வெள்ளிக்கிழமை சேதுராமனுக்கு விடுமுறை, அந்த நேரத்துக்குக் கூப்பிடுவான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தூளிக்குப் பக்கத்திலேயே, ஸ்டூலில்தான் போன். எப்போதும் முதல் மணிக்கே வீறிட்டு எழுகிற பிள்ளை இன்று அசையவில்லை. தூளி கொஞ்சம்கூட ஆடவில்லை. கண்ணாடி உடைந்த சத்தத்துக்கும் எழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்றம் அவன் மூக்குக்குப் போய்விட்டதோ? தூங்குகிறானா, இல்லை... அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் திராணி இல்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கல்லைப் பொறுக்கிப் பிச்சையம்மாள் வீட்டுத் தகரக் கூரையில் எறிந்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அடுத்த வீட்டுக் கூரையில் கல் எறிவது அந்த ஊரில் சாதாரணக் குற்றமில்லை, பஞ்சாயத்துக் கூட்டுவார்கள். பிச்சையம்மாள் வசவோடு வெளியே வந்தாள். பூமயிலின் ஏழு தலைமுறையையும் அதில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பூமயில் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிள்ளை உள்ள மாட்டிக்கிட்டான். கேஸு தெறந்து கெடக்கு. வெளக்கு எரியுதுக்கா" என்றாள்.

வசவு பாதியில் நின்றது. அப்புறம் பிச்சையம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரோரம் இருந்த வைக்கோற்போரில் ஏறினாள். "ஏத்தா, தள்ளி நில்லு" என்றாள். வீரையா பின்னாலிருந்து, சாக்குப் போடுறேன் பொறு, பொறு என்று கத்துவதற்குள் வெறும் கையைப் பாட்டில் சில்லின் மேல் ஊன்றி இந்தப் பக்கம் குதித்துவிட்டாள். இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம் ஒழுகியது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை.

ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பைத் தூக்கிப் போடச் சொன்னாள். வீரையா சுவர் மேல் நீட்டினார். அரிவாள் முனையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மறு முனையில் பூமயிலின் முந்தானையைக் கிழித்துச் சுற்றி, தொட்டியில் முக்கி எடுத்தாள். சன்னல் கம்பிக்கு நடுவே அதை மெல்ல உள்ளே விட்டாள். விளக்கைத் தட்டிவிட்டால் எண்ணெய் கொட்டித் தரையெல்லாம் தீ. பூமயில் கம்பின் நடுவைப் பிடித்துக்கொண்டாள். ஈரத் துணி திரியின் மேல் பட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம். ஹால் பாதி இருட்டாகிவிட்டது.

அதற்குள் வீரையா சாக்கை விரித்து ஏறி வந்திருந்தார். கரண்டை நிறுத்த, மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். கையோடு கொண்டுவந்த கடப்பாரையை எடுத்தபோது பூமயில், கம்பியில் படாமல் சுவரில் குத்துங்கள், பொறி வந்துவிடும் என்றாள். அவர் சுவரில் குத்தினார். நாலே குத்தில் சன்னல் சட்டமே பெயர்ந்து வெளியே சாய்ந்தது. கட்டின மேஸ்திரி சிமெண்டில் அவ்வளவு யோக்கியன். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே அவள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்திருப்பாள். ஒரு கடப்பாரை இருந்தால் போதும், எந்தத் திருடனும் வரலாம் என்றல்லவா ஆகிறது?

பூமயில் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஏறினாள். தூளிக்குள் கையை விட்டாள். பிள்ளை துவண்டு கிடந்தான். வாரி எடுத்துச் சன்னல் வழியே பிச்சையம்மாளிடம் நீட்டிவிட்டு, அடுப்புக்கு ஓடிக் குமிழைத் திருகினாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே விழுந்து எழுந்து வந்தபோது பிச்சையம்மாள் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை ரத்தமெல்லாம் பிள்ளையின் முதுகில். பிள்ளையிடம் சத்தமே இல்லை. பூமயில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழக்கூட வரவில்லை.

முனீஸ்வரன் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டு வீறிட்டு அழுதான். அந்த அழுகை அவள் காதில் விழுந்தபோதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

வீரையா கேட் பூட்டை உடைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார். பிள்ளையை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பெண்கள் இரண்டு பேரும் வாசல் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தாய் மடியில் விசும்பிக்கொண்டிருந்தான். பூமயில் மிச்ச முந்தானையைக் கிழித்துப் பிச்சையம்மாளின் கையில் கட்டினாள். இந்தக் கைக்குத் தான் ஆயுசுக்கும் கடன்பட்டவள் என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். பிச்சையம்மாள் கையைக் காட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மொதல்ல கூப்பிட்டப்பவே கேட்டுச்சுத்தா" என்றாள்.

பூமயிலின் கை நின்றது.

"ஆட்டுக்குட்டிக்குத்தான் சண்டைக்கு இழுக்குறேன்னு நெனச்சேன். டிவி சத்தத்தக் கூட்டி வச்சேன்."

அந்தக் காலத்தில் ஒரு பொம்பிளை வாசலில் நின்று சத்தம் போட்டால் பாம்போ, தீயோ, பிரசவமோ என்று போட்டது போட்டபடி ஓடி வருவார்களாம். என்னவென்று கேட்பதே வந்து சேர்ந்த பிறகுதானாம். தன் மாமியார் வாய்வழியாகக் கேட்டதை எல்லாம் பிச்சையம்மாள் திக்கித் திக்கிச் சொன்னாள். பாவி, நான் உட்கார்ந்து நாடகம் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கட்டின துணியில் மறுபடி ரத்தம் ஊறியது.

பூமயிலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள், வரவில்லை. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பிச்சையம்மாள் என்னவோ சத்தம் போட்டதும், தான் உள்ளே போய்க் கதவை இழுத்துவிட்டுக்கொண்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அது எதற்கான சத்தம் என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இனிக் கேட்கவும் பயமாக இருந்தது.

"நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. பால் பொங்கியபோதும் போன் அடித்தபோதும் இல்லாத நடுக்கம் அது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு இறுக்கியும் நடுக்கம் நிற்கவில்லை.