ஒன்றாம் எண் டோக்கன்

விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'மானியக் காலத்தில் விபத்து ஏதும் நிகழ்ந்ததா? ஆம் எனில், காரணத்தை ஐம்பது சொற்களுக்குள் எழுதவும்.' ஒரு மனிதன் செத்ததைச் சொல்ல ஐம்பது சொல் போதும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ தெரியவில்லை. நாற்காலி மேசை வாங்கியதை விளக்க மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

அவள் காலையிலிருந்து அந்தக் கட்டத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கடலோரத்து ஆட்களுக்குப் படகு ஓட்டவும், எஞ்சின் பழுது பார்க்கவும், கடலில் பத்திரமாக இருக்கவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையம் அது. தட்டச்சு, வருகைப் பதிவு, வந்தவர்களுக்குத் தேநீர் எல்லாம் அவள் தலையில். அங்கே படகு மாஸ்டராக இருந்தவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு சொட்டு அழவில்லை. சப்பணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அது உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. உப்பா உறைப்பா என்று தெரியாமல் சாப்பிட்டாள். யாராவது கூப்பிட்டால் திரும்பினாள்.

"முடிச்சிட்டியாம்மா?" என்று நிர்வாகி எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்பது அவர் வழக்கம். படிக்க வருகிறவர்கள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இன்று பார்த்துக்கலாம் சார் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாலு மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

"இல்ல சார்."

"நான்தான் எழுதிக் குடுத்தேனே. மாஸ்டர் டோக்கனை மாத்தாம கடலுக்குப் போயிட்டார், அவ்வளவுதான். மையத்து மேல தப்புன்னு ஒரு வரி வந்தா அடுத்த மூணு வருஷ மானியம் போச்சு. நாப்பது பேர் இதை நம்பி வர்றாங்க. உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, நானே அடிச்சிடறேன்."

"நானே அடிக்கிறேன் சார்."

அடித்தாள். விரல்களுக்கு என்ன வந்தது, சொன்னதைச் செய்கின்றன.

டோக்கன் சமாச்சாரம் இதுதான். படகுத்துறைக்குப் போகும் கதவோரம் ஒரு பலகை. இடது பாதியில் 'கரை' என்றும் வலது பாதியில் 'கடல்' என்றும் எழுதியிருக்கும். ஆளுக்கொரு தகர டோக்கன், அதில் எண். தண்ணீரில் இறங்குகிறவர் தன் டோக்கனைக் கரையிலிருந்து எடுத்துக் கடல் பக்கம் மாட்ட வேண்டும், திரும்பி வந்ததும் பழைய ஆணிக்கு மாற்ற வேண்டும். ஐந்து மணிக்கு வாட்ச்மேன் பலகையை மட்டும்தான் பார்ப்பார். கடல் பக்கம் காலியாக இருந்தால் துறையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவார். இந்த முறையைக் கொண்டுவந்ததே அண்ணன்தான். ஒன்றாம் எண் அவருடையது.

அன்றைக்கு மானியம் தருகிறவர்கள் பார்வையிட வந்திருந்தார்கள். அண்ணன் பத்து மணிக்கே மிதவைகளைச் சரிபார்க்கத் தனியாகப் போயிருந்தார். போன் நனைந்துவிடும் என்று மேசை டிராயரிலேயே வைத்துவிட்டுப் போவார். வந்தவர்களோடு வந்த படக்காரர் பலகையைப் பார்த்து, "அந்த ஒண்ணு மட்டும் தனியாத் தொங்குதே, எல்லாம் வரிசையா இருந்தா எடுப்பா இருக்கும்" என்றார். அவள் எட்டி அதை எடுத்துக் கரை வரிசையில் மாட்டினாள். படம் எடுத்ததும் பழையபடி மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் தேநீர் எங்கே என்று ஆள் வந்தது. பிற்பகல் வகுப்புகளை ரத்து செய்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அவளும் வீட்டுக்குப் போனாள். பலகையின் நினைப்பே வரவில்லை.

ஐந்து மணிக்குக் கடல் பக்கம் காலி. வாட்ச்மேன் பூட்டிவிட்டார். விருந்தாளிகளோடு சாப்பிடப் போய் அங்கேயே தங்கியிருப்பார் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் தேடக் கிளம்பினார்கள். எஞ்சின் நின்று, படகில் தண்ணீர் ஏறி, அவர் ஒரு மிதவையில் தன்னைக் கட்டிக்கொண்டிருந்தார். விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் நாள் ஓடிவிட்டது. இப்போது அதையே ஒரு பாடமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் மணி நேரம், டோக்கனை மாற்றாமல் போன மாஸ்டரின் கதை. அந்தப் பாடத்துக்கும் சேர்த்துத்தான் மானியம் கேட்டிருந்தது விண்ணப்பம். எஞ்சின் வகுப்பில் சேர்ந்திருந்த அண்ணி, முதல் நாள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

ஒரு மணிக்கு அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். தினமும் இருவருக்குமாகக் கொண்டுவருவாள்.

"இன்னும் சாப்பிடலையா நீ? மூஞ்சியப் பாரு, மூணு நாள் பட்டினி கிடந்த மாதிரி." பாத்திரத்தை வைத்தவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். விண்ணப்பத்தின் அட்டைக்காக, படக்காரர் போன வாரம்தான் அனுப்பிய படம் அதில் இருந்தது. "இது அன்னிக்கு எடுத்ததா?"

"ஆமா."

அண்ணி கிட்டே குனிந்தாள். டோக்கன்கள் எல்லாம் கரைப் பக்கம் அழகாக வரிசையில் இருந்தன. பலகைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது.

"பாரேன், ஒண்ணாம் நம்பர் இந்தப் பக்கம்தான் இருக்கு. நான்தான் நம்பாம இருந்தேன். செருப்பைக்கூட ஜோடி மாறாம விடற மனுஷன், இதை எப்படி மறப்பார்னு வாட்ச்மேன்கிட்ட சண்டையே போட்டேன்." அண்ணி நிமிர்ந்தாள். "சரி, அவர் மேலதான் தப்பு போலிருக்கு. இனிமே யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

அவள் காதில் அது விழுந்தது. ஐந்து மாதத்தில் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான் என்று தோன்றியது.

"அண்ணி, படக்காரர் வரிசையா இருக்கணும்னு சொன்னார். நான்தான் அதை எடுத்து இந்தப் பக்கம் மாட்டினேன்."

அண்ணி கத்தவில்லை. பாத்திரத்தின் மூடியைத் திறக்கப் போனவள் திறக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்குப் புது வகுப்பு ஆரம்பிக்குது," என்றாள் அவளைப் பார்க்காமல். "நீ அங்க வா."

கட்டத்தில் அடித்திருந்ததை அவள் அழித்தாள். காலியான கட்டத்தில் நடந்ததை அடித்தாள். முப்பத்தொரு சொல் ஆயிற்று. வகுப்புக்கு நடக்கும்போது பாதத்திலிருந்து மேலே சுருக் சுருக்கென்று குத்தியது. மரத்த காலில் ரத்தம் ஓடும்போது வருமே, அந்த வலி. அண்ணி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

புது மாஸ்டர் கரும்பலகையில் இரண்டு பாதி வரைந்துவிட்டு, பெஞ்சுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு முன்னால இருந்தவர் டோக்கனை மாத்தாம போனாரு. அதான்..."

"மாத்திட்டுத்தான் போனாரு," என்றாள் அவள் வாசலில் நின்றபடி. அதற்குள் அழுகை வந்துவிட்டது. "நான்தான் திருப்பி மாட்டினேன்."