சமுத்திரத்தின் பாதி டீ

1941 தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணுச்சாமி டீக்கடையில் ஊற்றிய அரை கிளாஸ் டீ 1945 ஐப்பசி வரை ஆறவில்லை. ஏடு படியவில்லை, எறும்பு அண்டவில்லை. பருத்தி விலை ஏறி இறங்கிய வருஷங்கள் அவை.

கண்ணுச்சாமியின் டீயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வன்னியம்பட்டிப் பாலைச் சுண்டக் காய்ச்சி, தூளில் கஞ்சத்தனம் பார்க்காமல், கை உயர்த்தி ஆற்றுவார். என்ன டீ அது! முதல் வாய் உள்ளே போனதும் ஊமைக்கும் பேச்சு வந்துவிடும். பேச ஆள் இல்லாமல் அதைக் குடிப்பது வீண்.

தேங்காய் வியாபாரி சமுத்திரத்துக்கும் ராஜபாளையம் மில் மெக்கானிக் ஞானதுரைக்கும் சிநேகம் உண்டானதே டீயால்தான். டீக் கம்பெனிக்காரர்கள் வண்டியில் வந்து இலவசமாக ஊற்றிப் பழக்கிய காலத்தில், கடைசிக் கிளாஸுக்கு இருவரும் ஒன்றாகக் கை நீட்டினார்கள். ஆளுக்குப் பாதி என்று முடிவானது. வசதி வந்த பிறகும் சனிக்கிழமைதோறும் கண்ணுச்சாமி கடையில் இருவருக்கும் ஒரே டீதான். முதல் பாதியைக் குடித்தவர், மற்றவர் முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆளில்லாமல் மீதியைத் தொடுவது கிடையாது. எச்சில் என்று முகம் சுளித்தவர்களை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்க மலேயாவுக்குப் புறப்பட்ட அன்று, ஞானதுரை தன் பாதியைக் குடித்த உடனே மதுரை பஸ் ஹார்ன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். சமுத்திரத்தின் பாதி, ஆவி பறக்க மேஜையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் சிங்கப்பூர் விழுந்தது. ஞானதுரையைக் காணோம் என்று தகவல் வந்தது. அவர் மனைவி ஏசம்மாளை வெள்ளைச் சேலை கட்டச் சொன்னார்கள். நினைவு ஜெபத்துக்கு நாளும் குறித்தார்கள். அவள் பஸ் ஏறி வந்து கிளாஸைத் தொட்டாள்.

"சுடுதுல்லா? அவிய இருக்காவ," என்று விரலை உதறிக்கொண்டே சொன்னாள். கட்டி வந்த சிவப்புச் சேலையோடு திரும்பிப் போனாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து தொட்டுப் பார்ப்பாள். சமுத்திரம் தலை குனிந்து நிற்பார். யாரும் பேசியதில்லை.

1944 கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை, கிளாஸ் வெதுவெதுவென்று இருந்தது. ஆவி நின்றிருந்தது.

கண்ணுச்சாமி பதறிப்போனார். "குடு தாயி, அடுப்புல செத்த நேரம் வைக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அடுப்புச் சூட்டை வச்சு நான் என்ன செய்ய?"

பெண்கள் டீக்கடையில் உட்காராத காலம். ஏசம்மாள் ஞானதுரையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். "சமுத்திரம் அண்ணே, ஒரு டீ சொல்லுங்க. ரெண்டு கிளாஸ்ல, ஆளுக்குப் பாதி."

ஞானதுரை போனதிலிருந்து டீயே தொடாத சமுத்திரம் தன் பாதியை எடுத்துக் குடித்தார். முதல் வாயிலேயே பேச்சு வந்தது. தன் கடிகாரத்தை வாங்கி, ரிப்பேர் பார்க்கிறேன் என்று பிரித்துவிட்டு, மாட்டத் தெரியாமல் ஞானதுரை முழித்ததைச் சொன்னார். ஏசம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பழைய கிளாஸில் மறுபடி ஆவி கிளம்பியது. அதன் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

1945 ஐப்பசியில் மதுரை பஸ்ஸிலிருந்து ஞானதுரை எலும்பும் தோலுமாக இறங்கினார். ஏசம்மாள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்த ஞானதுரை, எதிரே இருந்த கிளாஸைப் பார்த்தார்.

"ஏலே, இன்னுமா குடிக்கல?"

சமுத்திரம் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நாக்கு பொத்துப்போனது. ஊதிக் குடிக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டே கண்ணுச்சாமி கிளாஸை எடுத்துக் கழுவப் போட்டார்.